எந்த மின்னழுத்தம்? மின்திறன் கணக்குகளில் கேட்க வேண்டிய முதல் கேள்வி

நெய்வேலியில் அறிவியல் கற்பிக்கும் எனக்கு, மின்னோட்டவியல் பாடத்துக்கு எடுத்துக்காட்டுகளை வெளியே தேட வேண்டியதில்லை. 1962 முதல் இங்கே பழுப்பு நிலக்கரியிலிருந்து மின்சாரம் உற்பத்தியாகிறது. இரண்டாம் அனல் மின் நிலையத்தில் மட்டும் 210 மெகாவாட் அலகுகள் ஏழு உள்ளன. இங்கிருந்து 230 கிலோவோல்ட், 400 கிலோவோல்ட் அழுத்தங்களில் மின்சாரம் வெளியூர்களுக்குச் செல்கிறது. அந்த மின்கோபுரங்களை மாணவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

ஆனால் பாடத்தை வீட்டிலிருந்துதான் தொடங்குவேன். 230 வோல்ட்டில் இயங்கும் ஒரு மின் சலவைப் பெட்டி 4 ஆம்பியர் மின்னோட்டம் எடுத்துக்கொள்கிறது என்போம்.

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம் = 230 ÷ 4 = 57.5 ஓம்
மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம் = 230 × 4 = 920 வாட்

இதே மின்திறனை வேறு இரு வழிகளிலும் காணலாம். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் 4 × 4 × 57.5 = 920. மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் 52,900 ÷ 57.5 = 920. மூன்று வழியிலும் ஒரே விடை வருவதைக் கண்டு மாணவர்கள் மகிழ்வார்கள்.

அடுத்து மின்கோபுரத்துக்கு வருவோம். 23 மெகாவாட் மின்திறனை 230 கிலோவோல்ட்டில் அனுப்புகிறோம். கம்பியின் மின்தடை 10 ஓம். (உண்மையில் இது மும்முனை மின்சாரம். பத்தாம் வகுப்புக்காக எளிமையாக்கிக்கொள்கிறேன்.) மின்னோட்டம் 2,30,00,000 ÷ 2,30,000 = 100 ஆம்பியர். கம்பியில் எவ்வளவு வெப்பமாக வீணாகும் என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும்.

ஒரு பகுதியினர் 100 × 100 × 10 = 1,00,000 வாட், அதாவது 0.1 மெகாவாட் என்பார்கள். மற்றவர்கள் 2,30,000இன் வர்க்கத்தை 10ஆல் வகுத்து 5,290 மெகாவாட் என்பார்கள். அனுப்பியதே 23 மெகாவாட்தான்! அதைவிடப் பல மடங்கு எப்படி வீணாக முடியும்?

விடையை உடனே சொல்லிவிடாமல், "230 கிலோவோல்ட் எதன் இரு முனைகளுக்கு இடையே இருக்கிறது?" என்று கேட்பேன். சலவைப் பெட்டியில் 230 வோல்ட் முழுவதும் அந்த 57.5 ஓமின் இரு முனைகளுக்கு இடையே இருந்தது. இங்கே கம்பியின் இரு முனைகளுக்கு இடையே இருப்பது 100 × 10 = 1,000 வோல்ட் மட்டுமே. மீதி 2,29,000 வோல்ட் மறுமுனையில் உள்ள ஊருக்குப் பயன்படுகிறது. இப்போது 1,000இன் வர்க்கத்தை 10ஆல் வகுத்தால் அதே 1,00,000 வாட் கிடைக்கும். வாய்பாடு இரண்டும் சரியே. இட்ட மின்னழுத்தம்தான் தவறு.

ஆகவே, கணக்கைத் தொடங்கும் முன் படம் வரைந்து, மின்தடையின் இரு முனைகளையும் குறித்து, அவற்றுக்கு இடையிலான மின்னழுத்த வேறுபாட்டை எழுதச் சொல்லுங்கள். கம்பியில் ஏற்படும் இழப்பைக் காண மின்னோட்டத்திலிருந்து தொடங்குவது எளிது.

வீட்டுப்பாடமாக, அதே 23 மெகாவாட்டை 23 கிலோவோல்ட்டில் அனுப்பினால் என்னவாகும் என்று கேட்கலாம். மின்னோட்டம் 1,000 ஆம்பியர் ஆகும். இழப்பு 10 மெகாவாட். மின்னழுத்தம் பத்தில் ஒன்றானால் இழப்பு நூறு மடங்காகிறது. அனுப்பியதில் ஏறத்தாழ பாதி கம்பியிலேயே வெப்பமாகிவிடும். மின்கோபுரங்கள் ஏன் அவ்வளவு உயரமாக நிற்கின்றன, கம்பிகள் ஏன் நீண்ட பீங்கான் காப்பான்களில் தொங்குகின்றன என்பதை இந்தக் கணக்குக்குப் பிறகு மாணவர்களே விளக்குவார்கள்.