நாணயமும் புகையிரதமும்

தமிழில் நாணயம் என்னும் சொல் இரு பொருள் தருவது. கடைத்தெருவிற் கைமாறும் காசும் நாணயம். கொடுத்த வாக்கைக் காக்கும் நேர்மையும் நாணயம். ஒருவனை நாணயஸ்தன் என்று ஊரார் சொன்னால், அவனை நம்பிக் கடன் கொடுக்கலாம் என்பது கருத்து. இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தும் காசு ஒன்று ஹங்கேரி நாட்டில் 1948ஆம் ஆண்டு வெளிவந்தது.

அந்நாட்டில் 1848இல் நிகழ்ந்த புரட்சியின் நூற்றாண்டு நினைவாக அப்பொழுது மூன்று வெள்ளி நாணயங்கள் அச்சிடப்பெற்றன. ஐந்து போரின்ட் நாணயத்திற் புரட்சிக் கவிஞர் பெட்டோபியின் உருவமும், இருபது போரின்ட் நாணயத்திற் சிறையிலிருந்து மக்களால் மீட்கப்பெற்ற எழுத்தாளர் தான்சிச்சின் உருவமும் இடம்பெற்றன. இடைப்பட்ட பத்துப் போரின்ட் நாணயத்தில் இடம்பெற்றவர் இஸ்த்வான் சேச்சேனி. இவர் பெருநிலக்கிழார் குடும்பத்திற் பிறந்த பிரபு. புரட்சியைக் கண்டு அஞ்சியவர். அத்தகையவரின் முகம் புரட்சியின் நினைவுக் காசில் ஏறியது எவ்வாறு?

சேச்சேனி 1791இல் வியன்னா நகரிற் பிறந்தார். இளமையில் நெப்போலியனுக்கு எதிரான போர்களிற் குதிரைப்படை வீரராய்ப் பணியாற்றினார். பின்னர் இங்கிலாந்து முதலிய நாடுகளைச் சுற்றிப் பார்த்தார். அங்கு கண்ட பாலங்களும் ஆலைகளும் தம் நாட்டின் வறுமையை அவருக்கு உணர்த்தின. 1825இல், தாய்மொழி வளர்ச்சிக்கென ஒரு கல்விக் கழகம் நிறுவுமாறு தம் நிலங்களின் ஓராண்டு வருமானம் முழுவதையும் அளித்தார். ஹங்கேரிய அறிவியற் கழகம் அக்கொடையிலிருந்து முளைத்ததாகும்.

இத்துணைச் செல்வம் உடைய அவர் 1828இல் வியன்னா வங்கியொன்றிற் கடன் கேட்டபோது, இல்லையென்று கைவிரித்தனர். காரணம் விசித்திரமானது. பிரபுக்களின் நிலம் பரம்பரைக்கே உரியது, பிறர் கைக்குப் போகலாகாது என்பது அந்நாட்டின் பழஞ்சட்டம். கடன் தீராவிடினும் கொடுத்தவன் நிலத்தைப் பற்ற முடியாது. பிரபுக்களைக் காக்க எழுந்த அச்சட்டமே அவர்களை நம்பத் தகாதவர் ஆக்கிவிட்டது! இந்த அனுபவத்திலிருந்து 1830இல் அவர் எழுதிய நூல் பிறந்தது. அதன் பெயர் ‘ஹித்தெல்’. கடன் என்பது பொருள். அச்சொல் நம்பிக்கையைக் குறிக்கும் ‘ஹித்’ என்னும் அடியிற் பிறந்தது. நம் மொழியின் நாணயத்துக்கு அது தூரத்து உறவு போலும்!

நம்பிக்கை பிறந்தாலும் பண்டம் நகர வழி வேண்டுமன்றோ? 1820ஆம் ஆண்டு மாரிக்காலத்தில் அவர் தந்தையார் வியன்னாவிற் காலமானார். இறுதிக் கடனுக்கு விரைந்த மகன், தன்யூப் நதியிற் பனிக்கட்டி மிதந்தமையால், பெஷ்ட் நகர்க்கரையில் ஒரு வாரம் காத்துக் கிடந்தார். புடாவையும் பெஷ்ட்டையும் இணைத்த படகுப் பாலத்தை மாரிக்காலத்திற் கழற்றிவிடுவது வழக்கம். நிலையான பாலம் ஒன்று அங்கு எழவேண்டும் என்ற உறுதி அக்கரையில் அவருள்ளத்திற் பதிந்தது.

அந்தப் பாலத்தைக் கட்டும் சட்டம் 1836இல் நிறைவேறியது. அதிலிருந்த ஒரு விதி புரட்சிக்கு ஒப்பானது: பாலத்தைக் கடப்போர் யாவரும், பிரபுக்கள் உட்பட, சுங்கம் செலுத்தவேண்டும். அதுவரை வரியின் சுமை முழுவதும் குடியானவன் தோளில் இருந்தது. இனிப் பிரபுவும் குடியானவனும் ஒரே சுங்கக் காவலன் முன் காசை நீட்டவேண்டும். இதைக் கேட்டு முதிய நீதிபதி ஒருவர், அப்பாலத்தில் ஒருபோதும் காலடி வையேன் என்று கண்ணீர் விட்டதாகச் சொல்வதுண்டு. வாளெடுத்தோர் பெற முடியாத சமத்துவத்தை ஒரு சிறு காசு பெற்றுத்தரத் தொடங்கியது.

நாட்டின் முதலாவது நீராவிப் புகையிரதம் 1846 ஜூலை 15ஆம் நாள் பெஷ்ட்டிலிருந்து வாட்ஸ் என்னும் ஊருக்கு ஓடியது. ஏறத்தாழ 33 கிலோமீற்றர் தூரத்தை ஒரு மணி நேரத்துக்குள் அது கடந்தது. 1847இற் சொல்னொக் வரை மற்றொரு பாதை திறக்கப்பெற்றது. இவற்றை அமைத்தது தனியார் கும்பனி. ஆனால் துண்டு துண்டான பாதைகளை ஒரு நாட்டின் பாதைகளாக எண்ணிப் பார்த்தவர் சேச்சேனி. 1848 தொடக்கத்தில் வெளியிட்ட தம் திட்டத்தில், பெஷ்ட்டை நடுவாகக் கொண்டு நாற்றிசை எல்லைகளுக்கும் பாதைகள் செல்லவேண்டும் என்றார். வண்டிச் சக்கரத்தின் குடத்திலிருந்து ஆரக்கால்கள் விரிவதை இதற்கு உவமை கூறலாம். லயோஷ் கொசூத் என்னும் தலைவரோ, தன்யூப் கரையிலுள்ள வுகோவாரிலிருந்து பியூமே துறைமுகத்துக்கு நேரே ஒரு பாதை வேண்டும் என்றார்; தானியம் விரைந்து கடலைச் சேரும் என்பது அவர் வாதம். அவ்வாறாயின் நாட்டின் நடுநகர் ஒதுங்கிப்போகும் என்பது சேச்சேனியின் கவலை. இத்தனை மாறுபாட்டுக்கிடையிலும், சேச்சேனியை ஹங்கேரியருள் மிகப் பெரியவர் எனப் போற்றியவர் அதே கொசூத்தே.

1848 ஏப்ரலிற் சேச்சேனி போக்குவரத்து அமைச்சரானார். சில மாதங்களில் வியன்னாவோடு போர் மூளும் நிலை வந்தது. நாடு அழியப்போகிறது, அதற்குத் தாமே காரணம் என்ற துயரத்தில் அவர் மனம் முறிந்தது. செப்டெம்பரில் வியன்னாவை அடுத்த டோப்ளிங் மனநல மனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 1849 நவம்பர் 20ஆம் நாள் சங்கிலிப் பாலம் திறக்கப்பட்டபோதும் அவர் அங்கேயே இருந்தார். முற்றுப்பெற்ற அப்பாலத்தை அவர் ஒருமுறையேனும் கடக்கவில்லை. 1860இல் அம்மனையிலேயே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அவர் வகுத்த சக்கரம் மட்டும் நிற்கவில்லை. 1867இல் வியன்னாவுடன் உடன்பாடு ஏற்பட்டபின், பாதைகள் பெரும்பாலும் தலைநகரிலிருந்தே விரிந்தன. அதன் குறையும் பின்னர் தெரியவந்தது: ஒரு மாகாண நகரிலிருந்து மற்றொன்றுக்குப் போவோர் பலர் தலைநகரைச் சுற்றியே செல்லவேண்டியதாயிற்று.

இனி அந்தப் பத்துப் போரின்ட் காசை மறுபடியும் நோக்குவோம். இரண்டாம் உலகப் போரின்பின் ஹங்கேரியின் பழைய நாணயமான பெங்கோ, உலகம் அதுவரை கண்டிராத அளவுக்கு மதிப்பிழந்தது. காலையிற் பெற்ற கூலி மாலையிற் செல்லாக் காசானது. 1946 ஆகஸ்ட் முதலாந் தேதி போரின்ட் பிறந்தது. அது பிறந்து ஈராண்டு நிறையும் முன்னரே, நம்பிக்கையே கடனுக்கு அடிப்படை என்று கற்பித்தவரின் முகம் அக்காசில் ஏறியது. அவர் புரட்சிக்கு அஞ்சியது உண்மை. எனினும், காசும் பாலமும் பாதையும் எல்லோர்க்கும் ஒன்றாய் இருக்கவேண்டும் என்று அவர் கேட்டதும் உண்மை. காசுக்கு மதிப்பைத் தருவது அதிலுள்ள வெள்ளி மட்டுமா? அதை நீட்டுபவனிடத்தும் வாங்குபவனிடத்தும் உள்ள நாணயமும் அல்லவா?