குட்டி மீனுக்கு 5-ம் நாள் கண்டம்! சாப்பாடு பிசகினால் ஆராய்ச்சியே பாழ்

சுண்டு விரல் நீளம்கூட இருக்காது. உடம்பில் நீலக் கோடுகள். பெயர் சீப்ரா மீன். கொளத்தூர் கலர் மீன் கடைகளில் பார்த்திருப்பீர்கள்.

இந்தக் குட்டி மீனுக்குத்தான் உலகம் முழுவதும் ஆராய்ச்சிக் கூடங்களில் ராஜ உபசாரம் நடக்கிறது!

காரணம் என்ன? மனிதனின் ஜீன்களில் 100-க்கு 70-க்கு இந்த மீனிடம் ஜோடி உண்டு. 2013-ல் விஞ்ஞானிகள் இதை வெளியிட்டார்கள். குஞ்சின் உடம்பு கண்ணாடி மாதிரி. இதயம் துடிப்பதை மைக்ராஸ்கோப்பில் அப்படியே பார்க்கலாம்.

கங்கை மீன்

இது கங்கைப் பக்கத்து மீன். 1822-ல் பிரான்சிஸ் ஹாமில்டன் என்ற டாக்டர் இதைப் பற்றி எழுதினார். அமெரிக்காவில் ஆரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் இதை ஆராய்ச்சிக்குக் கொண்டு வந்தார். 1981-ல் அவரது கட்டுரை வெளியானது.

பட்டினிச் சாவு

முட்டை 2, 3 நாளில் பொரிந்துவிடும். வயிற்றில் ஒட்டியுள்ள மஞ்சள் கருதான் குஞ்சுக்குச் சோறு. 5-ம் நாள் வாக்கில் அது காலி! அதன் பிறகு இரை கிடைக்காவிட்டால் சில நாளில் கூண்டோடு சாவுதான்.

வாயோ குண்டூசி முனை. அதனால் முதலில் பாரமீசியம், ரோட்டிபர் என்ற நுண்ணுயிர்கள்தான் இரை.

அப்புறம் ஆர்ட்டிமியா. இது உப்பு ஏரியில் வாழும் பொடி உயிர். அமெரிக்காவில் யூட்டாவில் உள்ள பெரிய உப்பு ஏரியில் இதன் முட்டைகளை அள்ளி டப்பாவில் விற்கிறார்கள். உப்புத் தண்ணியில் போட்டு காற்று விட்டால் ஒரே நாளில் பொரியும். ஓட்டை நீக்கி, உப்பைக் கழுவி, உடனே போட வேண்டும். நேரம் ஆக ஆக சத்து போய்விடும்.

அதிகமானாலும் ஆபத்து

அள்ளிப் போட்டாலும் வம்பு. மிச்சம் அழுகி அம்மோனியா கிளம்பும். மீன் செத்து மிதக்கும். ஓயாமல் தின்றால் கொழுப்பும் ஏறும்.

மருந்தா, தீனியா?

சோதனை எலிக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட தீனிக் கணக்கு உண்டு. சீப்ரா மீனுக்கு அப்படி ஒன்று இல்லை. கூடத்துக்குக் கூடம் தீனி மாறுகிறது.

ஒரு மருந்து கொடுத்த பிறகு மீன் இளைத்தால், இளைத்தது மருந்தாலா, சாப்பாட்டாலா? இங்கே கணக்கு தப்பினால், வியாதிக்காரனுக்கு வர வேண்டிய மருந்தும் தடம் மாறிப் போகும்!

வீட்டில் தொட்டி வைத்திருப்பவர்களே! சில நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கு மட்டும் போடுங்கள்.