யார் இந்த ரமணிசந்திரன்? கிள்ளான் பள்ளத்தாக்கில் அவர் நாவல்கள் ஏன் இன்னும் கைமாறுகின்றன?

கிள்ளானில் இருக்கும் உங்கள் பெரியம்மா வீட்டு அலமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள். பிள்ளைகளின் பழைய சான்றிதழ்கள், காலியான முறுக்கு டின், அதற்குப் பின்னால் அட்டை கிழிந்த நாலைந்து நாவல்கள். அதில் ஒன்றாவது ரமணிசந்திரன் எழுதியதாக இருக்கும். முதல் பக்கத்தில் இரண்டு மூன்று பேரின் பெயர்களை எழுதி அடித்திருப்பார்கள். எங்கள் வீட்டுப் புத்தகம் ஒன்றில் "படிச்சிட்டு திருப்பிக் குடுத்துடுங்க" என்று அம்மா பேனாவால் எழுதி வைத்திருந்தார். திரும்பி வந்ததால்தான் எனக்கு அது தெரியும்!

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் ஜாலான் துங்கு கிளானாவிலும் தமிழ்ப் புத்தகம் விற்கும் கடைகளில் பலர் நாவலின் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. "ரமணி புதுசு இருக்கா?" என்பார்கள். கடைக்காரருக்கு அது போதும்.

சரி, யார் இவர்?

1938-இல் பிறந்தவர், தமிழ்நாட்டு எழுத்தாளர். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியிருக்கிறார், அநேகமாக எல்லாமே காதல், குடும்பக் கதைகள். பல கதைகள் முதலில் இதழ்களில் வந்து, பிறகு சென்னை அருணோதயம் பதிப்பகம் வழியாகப் புத்தகமாயின. 'வெண்மையில் எத்தனை நிறங்கள்', 'மைவிழி மயக்கம்', 'பாலைப் பசுங்கிளியே' போன்ற பெயர்களைப் படிக்காதவர்கள்கூடக் கேள்விப்பட்டிருப்பார்கள். தமிழில் அதிகம் விற்கும் எழுத்தாளர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இவர் பெயர் வராமல் இருக்காது. இலக்கியக் கூட்டங்களில் மட்டும் அவ்வளவாக வராது. 2008-இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ் ஜனரஞ்சகக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தபோது, ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் ஆகியோருடன் இவருடைய கதையும் அதில் இடம்பெற்றது. துப்பாக்கியும் பேயும் நிறைந்த தொகுப்பில் ஒரு காதல் கதை.

இவருக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. வை.மு.கோதைநாயகி 115 நாவல்கள் எழுதி, 'ஜகன்மோகினி' இதழையும் நடத்தினார். டாக்டராக இருந்துகொண்டே எழுதிய லட்சுமி, தென்னாப்பிரிக்காவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர், 1984-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றவர். 1969-இல் தொடங்கிய 'ராணி முத்து' போன்ற மாத நாவல் இதழ்கள், ஒரு முழு நாவலை வார இதழைப் போலக் குறைந்த விலையில் கடைவாசலில் தொங்கவிட்டன. படிக்கத் தெரிந்த, ஆனால் புத்தகக் கடைக்குப் போகாத பெண்கள் அப்படித்தான் நாவல் வாசகிகள் ஆனார்கள். ரமணிசந்திரன் வளர்ந்த சந்தை அது.

கதையின் அச்சு

அவர் நாவல்கள் பலவற்றின் அச்சு ஒன்றுதான். கதாநாயகன் பணக்காரன், கம்பீரமானவன், மூக்குக்கு மேல் கோபம் வருகிறவன். கதாநாயகி வசதி குறைந்தவள், ஆனால் ரோஷக்காரி. முதல் சந்திப்பே முட்டல். அவளைப் பற்றி அவன் தப்பாக எதையோ நினைத்துக்கொள்வான். பிறகு ஏதோ ஒரு கட்டாயத்தில் கல்யாணம் நடக்கும். ஒரே வீடு, ஆனால் பேச்சு இல்லை. நடுவில் குட்டையைக் குழப்ப ஒரு உறவுக்காரி. கடைசியில் உண்மை தெரிந்து, அவன் இறங்கி வந்து மன்னிப்பு கேட்பான்.

"முடிவுதான் தெரியுமே, அப்புறம் எதுக்கு படிக்கிறீங்க?" என்று வீட்டு ஆண்கள் கேலி செய்வது வழக்கம். ஆனால் அந்த அச்சைக் கொஞ்சம் கவனியுங்கள். 1908-இல் லண்டனில் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன் பாணிக் காதல் நாவல், பெரும்பாலும் கல்யாணத்தை நோக்கிப் போகும். ரமணிசந்திரனின் பல கதைகளில் தாலி ஏறிய பிறகுதான் காதல் தொடங்குகிறது. பெரியவர்கள் பார்த்து முடித்த மாப்பிள்ளையோடு ஒரு புது வீட்டுக்குள் போன பெண்ணுக்கு அது அந்நியமான கதை இல்லை. யாரென்றே தெரியாத ஒருவர் தன்னை எப்போது புரிந்துகொள்வார் என்று அவளும் காத்திருந்தவள்தான். படுக்கையறைக் காட்சிகளும் கிடையாது என்பதால், அம்மா படித்ததை மகளிடம் கூச்சமில்லாமல் கொடுக்க முடிந்தது.

என் கணிப்பில், வாசகிகள் கடைசிவரை காத்திருப்பது காதலுக்காகக்கூட இல்லை, அந்த மன்னிப்புக்காக. தப்பு தன்னுடையது என்று மனைவியிடம் சொல்லும் கணவனை எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறோம்?

இதே அச்சில்தான் பிரச்சினையும் இருக்கிறது. மன்னிப்பு கடைசிப் பக்கங்களில் வருகிறது. அதுவரை அவள் வாங்கும் அவமானம் கொஞ்சநஞ்சமில்லை. சந்தேகம், மிரட்டல், சம்மதம் கேட்காமல் கட்டிய தாலி எல்லாவற்றையும் 'உள்ளுக்குள் அவ்வளவு ஆசை' என்ற ஒரே விளக்கத்தில் கதை கடந்துவிடுகிறது. பதினாறு வயதில் நான் மூச்சுவிடாமல் படித்த ஒரு நாவலைப் போன வருஷம் மறுபடி எடுத்தேன். பாதியிலேயே மூடி வைத்துவிட்டேன்.

கதை வேறு, சட்டம் வேறு. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதோரின் திருமணம், 1976-ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ் வருகிறது. 1982 மார்ச் 1 முதல் அது நடப்பில் உள்ளது. கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, பதிவு செய்ய வேண்டும். மிரட்டிப் பெற்ற சம்மதம் என்றால், அந்தத் திருமணத்தைச் செல்லாது என அறிவிக்கக் கோரி நீதிமன்றம் போகலாம். மனரீதியான துன்புறுத்தலும் 1994-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்துக்குள் அடங்கும். நாவலில் வரும் சில கணவர்களுக்கு இங்கே வக்கீல் தேவைப்படும்.

ஆறாம் ஆண்டுக்குப் பிறகு என்ன?

அப்படியானால் இந்தப் புத்தகங்களை ஒதுக்கிவிடலாமா? அங்கேதான் இந்த நாட்டுக்கே உரிய ஒரு கணக்கு இருக்கிறது. மலேசியாவில் 520-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. எல்லாமே ஆரம்பப்பள்ளிகள். ஆறாம் ஆண்டோடு தமிழ்வழிக் கல்வி முடிந்துவிடும். இடைநிலைப்பள்ளியில் தமிழ் ஒரு பாடம் மட்டுமே, அதுவும் எடுத்தால்தான். ஆக, பன்னிரண்டு வயதுக்குப் பிறகு ஒருவர் தமிழில் தொடர்ந்து படிக்கிறார் என்றால், பெரும்பாலும் அவருக்கே ஆசை இருந்ததால்தான்.

தோட்டப்புறங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறி, குடும்பங்கள் கிள்ளான், ஷா ஆலம் அடுக்குமாடிகளுக்கு வந்தன. ஃபேக்டரி வேலைக்குப் போன பெண்கள் பஸ்ஸில் எதைப் படித்தார்கள்? ஞாயிறு பத்திரிகைக் கதைகளையும் இந்த நாவல்களையும்தான். அதில் 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றுவிட்டது. நாவல்கள் நிற்கவில்லை.

நம் நாட்டு எழுத்தாளர்கள் காதல் கதை எழுதவில்லையா என்று கேட்பீர்கள். எழுதுகிறார்கள். ஆனால் இங்கே நாவல் வெளியிடும் பலர் சொந்தக் காசில் சில நூறு பிரதிகள் அச்சடித்து, மண்டபம் பிடித்து, வெளியீட்டு விழா வைக்கிறார்கள். பிரமுகர் முதல் நூலைப் பெறுவார், மற்றவர்கள் மொய் வைப்பதுபோல உறையில் பணம் வைத்து வாங்குவார்கள். விழா முடிந்ததும் மிச்சப் பிரதிகள் எழுத்தாளரின் வரவேற்பறையில். கடையில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் வாசகர் கூட்டம் உருவாக, அடுத்த புத்தகம் சீக்கிரம் வரவேண்டும், அதற்கடுத்ததும் வரவேண்டும். தனி ஆளாக அதைச் செய்வது லேசுப்பட்ட காரியமில்லை.

இளைய வாசகிகள் இப்போது கைப்பேசியில், அத்தியாயம் அத்தியாயமாகப் படிக்கிறார்கள். 2014-இல் தொடங்கிய பிரதிலிபி போன்ற தளங்களில் எழுதும் பெண்கள் பலரிடம் ரமணிசந்திரனின் சாயல் தெரியும். கோபக்கார நாயகன் இன்னும் இருக்கிறான், ஆனால் நாயகி மூன்றாம் அத்தியாயத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறாள்.

வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப்

"ரமணி நாவல் நூறு இருக்கு, வேணுமா?" என்று உங்களுக்கும் செய்தி வந்திருக்கலாம். இலவசமாக வருகிறது என்பதால் அது உரிமை தீர்ந்த புத்தகம் ஆகிவிடாது. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளரின் வாழ்நாளும் அதற்குப் பின் 50 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. இந்தியாவில் அது 60 ஆண்டுகள். அந்த ஸ்கேன் பிரதிகளால் எழுதியவருக்கு ஒரு காசும் போவதில்லை. தெரிந்தவர் அனுப்பினார் என்பதற்காகப் பத்துப் பேருக்குத் தட்டிவிடாதீர்கள்.

காசு கொடுத்து வாங்க மனமில்லை என்றால், ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்தின் தமிழ்ப் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். வாங்குவதாக இருந்தால் இன்னொரு விஷயம்: வருமான வரியில் 'வாழ்க்கை முறை' பிரிவின் 2,500 ரிங்கிட் வரையிலான கழிவில் புத்தகங்களும் அடக்கம். காதல் நாவலுக்கும் அது பொருந்தும். பிரிக்பீல்ட்ஸ் கடையில் ரசீதைக் கேட்டு வாங்கிப் பத்திரமா வச்சுக்குங்க.