கரிசல் கணக்கு – 9: கவிதையில் கிடைத்த நட்டக் கணக்கு

விக்டோரியா மகாராணி காலத்தில் கரிசல் சீமையில் ஆலை வைத்த ஒருவரின் வரவு செலவை இன்று தேடிப் போனால் என்ன கிடைக்கும்? ஆலை ஜெயித்திருந்தால் நிறையவே கிடைக்கும். ஆண்ட்ரூ, ஃபிராங்க் என்ற ஹார்வி சகோதரர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1883இல் தூத்துக்குடியில் கம்பெனி, பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரின் விசையில் ஓடிய நூற்பாலை, 1888இல் கோரல் மில், அப்புறம் மதுரை மில் என்று அவர்களைத் தேதிவாரியாகத் தொடரலாம். மதுரைக்குப் பக்கத்தில் ஹார்விபட்டி என்று ஓர் ஊரே இருக்கிறது.

எட்டயபுரம் சின்னச்சாமி ஐயருக்கு அப்படி ஒரு தெருகூட வாய்க்கவில்லை. பூர்வீகம் சீவலப்பேரி, சமஸ்தானத்தில் உத்தியோகம். கணக்கில் கெட்டிக்காரர், மேல்நாட்டு இயந்திரங்களென்றால் உயிர். 1880ஐ ஒட்டி, ஹார்விகள் கடை விரிப்பதற்கும் முன்பே, எட்டயபுரத்தில் பஞ்சாலை வைத்தார். ஆலை நொடித்துப்போனது. அதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் முக்கியமான சாட்சி, அவருடைய மகன் 1910இல் புதுச்சேரியிலிருந்து வெளியிட்ட 'கனவு' என்ற நெடும்பாட்டு. சுயசரிதை என்று நாம் படிப்பது அதைத்தான். மறு வருஷமே சர்க்கார் அதைத் தடை செய்தது. மகன் யாரென்று சொல்லத் தேவையில்லை.

அந்தப் பாட்டைப் புலம்பலாகவே படித்துப் பழகிவிட்டோம். ஒரு தடவை பேரேடாகப் புரட்டிப் பாருங்கள். முதல் பற்று, அந்நியரின் சதி. அவர்களுக்கு பாரதி வைத்த பெயர் 'ஊணர்'. அடுத்தது, செல்வம் இருந்தவரை பக்கத்தில் நின்று புகழ்ந்த நண்பர்கள் கைவிட்டுப் போனது. மூன்றாவதைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பொருள் சேர்ப்பதே மேலான தொழில் என்று தந்தை ஆசைக்கு அளவில்லாமல் ஓடினார் என்று மகனே அப்பா பேரில் குற்றம் எழுதுகிறான். சொந்த அப்பாவின் பெயரில் பற்று எழுதுகிற கணக்குப்பிள்ளையை நான் நம்புவேன்.

ஆனால் அந்தக் கணக்கில் வராத ஒன்று உண்டு. ஆலை இருந்த இடம். பருத்திக்குப் பஞ்சமில்லை. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் அங்கத்துப் பஞ்சு தடைப்பட, லங்காஷயர் மில்காரர்கள் இந்தியப் பருத்திக்கு அலைந்தார்கள். லிவர்பூலில் நம் சரக்குக்கு 'டின்னவெல்லி' என்று தனிப் பெயரே இருந்தது. 1876இல் மதுரை – தூத்துக்குடி ரயிலும் வந்தது. வந்தது கோவில்பட்டி வழியாக. எட்டயபுரத்திலிருந்து கோவில்பட்டி ஸ்டேஷனுக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் மாட்டு வண்டிதான். ஐப்பசி மழையில் கரிசல் மண் வண்டிச் சக்கரத்தை என்ன பாடு படுத்தும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாபநாசத்தில் ஹார்விகளுக்கு ஆறு இருந்தது, தூத்துக்குடியில் துறைமுகம், மதுரையில் ரயில். எட்டயபுரத்தில் மூன்றும் இல்லை. ஒரு பல்சக்கரம் தேய்ந்தால்கூட மாற்றுச் சாமான் கடல் தாண்டி வர வேண்டும். ஊணர் சதி செய்திருக்கலாம். அவர்கள் சும்மா இருந்திருந்தாலும் அந்த ஆலை தள்ளாடித்தான் நின்றிருக்கும் என்பது என் கணக்கு.

எப்போது முறிந்தது? இங்கேயும் மகன்தான் தேதி தருகிறான். 1894இல் திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளிக்கு இங்கிலீஷ் படிக்கப் போகிறான். தந்தைக்கு அதில் ஆயிரம் செலவு என்று பிறகு பாட்டில் குறித்து வைக்கிறான். 1897 ஜனவரி 24 அன்று, படிப்புக்கு உதவி கேட்டு எட்டயபுரம் அரண்மனைக்குச் செய்யுளிலேயே விண்ணப்பம் எழுதுகிறான். ஆயிரம் செலவழித்த வீட்டுப் பிள்ளை பதினான்கு வயதில் கை நீட்டுகிறான் என்றால், அதற்குள் பெட்டி காலி. 1898இல் சின்னச்சாமி ஐயர் காலமானார். பிள்ளை காசிக்கு அத்தை வீட்டுக்குப் போனான்.

பத்து வருஷம் கழித்து, 1908இல், தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னால் நின்றவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். சென்னையிலிருந்து 'இந்தியா' பத்திரிகையில் அவர்கள் பக்கம் நின்று எழுதியவர், எட்டயபுரத்தில் நொடித்துப்போன ஆலைக்காரரின் மகன். பழைய பாக்கி என்று இதைச் சொல்ல எனக்குக் கை துருதுருக்கிறது. சான்றில்லாமல் எழுதுவதில்லை என்று முதல் வாரமே சொல்லிவிட்டதால் விடுகிறேன்.

எல்லா ஆலைக்காரருக்கும் பாட்டெழுதும் பிள்ளை பிறப்பதில்லை. கோவில்பட்டி, விளாத்திகுளம், நாகலாபுரம் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாத்தாவோ பூட்டனோ ஜின்னிங் ஃபாக்டரியோ கமிஷன் மண்டியோ நடத்தியிருந்தால், பரணில் பேரேடு, அடமானப் பத்திரம், ரயில்வே ரசீது ஏதாவது கிடக்கும். எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை தேதியைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நட்டக் கணக்காக இருந்தால் இன்னும் நல்லது.