கடலுக்கே போகாத நீர்மூழ்கி

பாண்டியில இருந்து ஈசிஆர் வழியா சென்னை போயிருந்தீங்கன்னா, கல்பாக்கம் பக்கமாத்தான் போயிருப்பீங்க. அங்கே அணுமின் நிலையம் இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். கடற்படைக்காரங்க பயிற்சி எடுக்குற இன்னொரு அணு உலையும் இருக்கு. அது இயங்க ஆரம்பிச்சது 2003-ல. அரசாங்கம் அதை வெளியில காட்டினது 2009 ஆகஸ்டில்தான்.

நீர்மூழ்கிக் கப்பலோட பின்பக்கத்தை மட்டும் தரையில கட்டி, உலை, டர்பைன், கட்டுப்பாட்டுக் கருவிகள் எல்லாத்தையும் அந்தக் குறுகலான இடத்துக்குள்ள அடைச்சிருக்காங்க. ஐஎன்எஸ் அரிஹந்த் கப்பலை ஓட்டப் போறவங்க முதல்ல இங்கேதான் பழகினாங்க.

இவ்வளவு மெனக்கெடல் எதுக்கு? டீசல் நீர்மூழ்கி பேட்டரியை சார்ஜ் பண்ண இன்ஜினை ஓட்டணும். இன்ஜினுக்குக் காத்து வேணும். அதுக்காக மேலே வந்தா எதிரி கண்ணுல பட வாய்ப்பு அதிகம். அணு உலைக்குக் காத்தே தேவையில்லை. கப்பல் எப்போ திரும்பணும்னு முடிவு பண்றது உள்ளே இருக்கிற சாப்பாடும் மனுஷங்களோட தாக்குப்பிடிக்கிற சக்தியும்தான்.

ஆனா ஒரு சிக்கல். மின் நிலையத்துல ஏதாவது கோளாறுன்னா விஞ்ஞானிக்கு போன் போடலாம். ஆழ்கடல்ல ஒளிஞ்சிருக்கிற கப்பல் வாயைத் திறந்தாலே இருக்கிற இடம் தெரிஞ்சிடும். அங்கே இருக்கிற சிப்பாய்தான் எல்லாத்தையும் பார்த்துக்கணும்.

இந்த வேலை எவ்வளவு நுணுக்கமானதுன்னு அமெரிக்க ராணுவம் ரொம்பக் கொடுமையான முறையில தெரிஞ்சுக்கிட்டது. ஆர்க்டிக் ரேடார் நிலையங்களுக்காக அவங்க செஞ்ச எஸ்எல்-1 ங்கிற சின்ன உலை, இடாஹோ பாலைவனத்துல இருந்தது. 1961 ஜனவரி 3 ராத்திரி, பராமரிப்பு வேலையில நடுவுல இருந்த கட்டுப்பாட்டுக் கோலைக் கையால தூக்கினாங்க. சுமார் 10 சென்டிமீட்டர் தூக்கினா போதும். அது கிட்டத்தட்ட 50 வரைக்கும் மேலே வந்துடுச்சு. கண் இமைக்கிறதுக்குள்ள உள்ளே இருந்த தண்ணி நீராவியாகி வெடிச்சுது. அங்கே இருந்த மூணு பேரும் செத்துட்டாங்க. ஏன் அவ்வளவு தூக்கினாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. என்னைக் கேட்டா, பழியை அந்த மூணு பேர் மேல மட்டும் போடுறது நியாயமில்லை. ஒரே ஒரு கோலை உருவினா உலை கட்டுமீறிப் போகும்ங்கிற மாதிரி வடிவமைச்சதே தப்பு. எந்த ஒரு கோல் முழுசா வெளியே வந்தாலும் உலை அணைஞ்சே இருக்கணும்ங்கிற விதி அதுக்கப்புறம் அழுத்தமா வந்தது.

அரிஹந்த்தோட உலை 2013 ஆகஸ்டில் உயிர் பெற்றது. முதல் ரோந்தை முடிச்சுட்டு வந்ததா 2018 நவம்பரில் அறிவிச்சாங்க. எந்தக் கடல்ல சுத்தினாங்கன்னு சொல்லல. அதுல போனவங்க வீட்டுலயும் சொல்லியிருக்க முடியாது.