நம் குருதியே நமக்கு மருந்தாகுமா?



மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சல் பரவும்போது, ‘பிளேட்லெட் குறைந்துவிட்டது’ என்று வீடுதோறும் பேசக் கேட்டிருப்பீர்கள். குருதியில் ஓடும் அந்தத் தட்டணுக்களைப் பற்றியும், அவற்றையே மருந்தாக்கி முழங்கால் வலிக்கு ஊசியாகப் போடும் ‘பி.ஆர்.பி.’ என்னும் சிகிச்சையைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். நான் மருத்துவன் அல்லன். முப்பத்து நான்கு ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்று அறிவியல் கற்பித்தவன். அவ்வாறு நின்ற கால்களே என்னை இப்பொருளிடம் கொண்டுவந்து சேர்த்தன.

தட்டணு என்பது யாது? குருதியில் பாதிக்குச் சற்று மேற்பட்ட பங்கு இளமஞ்சள் நிறமுள்ள நீர்மம், அதுவே பிளாஸ்மா. அதில் சிவப்பணுக்களும் வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் மிதக்கின்றன. தட்டணு மிகச் சிறியது. அதற்கு உட்கரு இல்லை. எலும்பு மஜ்ஜையிலுள்ள பேரணுக்களிலிருந்து துணுக்குகளாகப் பிறந்து, ஏழு முதல் பத்து நாள் வரை வாழ்ந்து மடிகிறது. எனினும் ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் 1,50,000 முதல் 4,50,000 வரை தட்டணுக்கள் உள்ளன. 1882-ஆம் ஆண்டில் இத்தாலியின் டூரின் நகரத்து அறிஞர் ஜூலியோ பிசொசேரோ, உயிருள்ள விலங்குகளின் நுண்ணிய குருதிக் குழாய்களை நுண்பெருக்கியின் வழியே நோக்கினார். குழாய் புண்பட்ட இடத்தில் தட்டணுக்கள் விரைந்து வந்து ஒட்டி, குருதிப் பெருக்கை அடைப்பதைக் கண்டார்.

அடைப்பதோடு அவற்றின் பணி முடியவில்லை. தட்டணுக்கள் தம்முள் சில புரதங்களைச் சேமித்து வைத்துள்ளன. புண்பட்ட இடத்தில் அவை வெளிப்பட்டு, அருகிலுள்ள உயிரணுக்களைப் பெருகத் தூண்டுகின்றன. 1974-ஆம் ஆண்டில் இவ்வுண்மை ஆய்வுக்கூடத்தில் புலனாயிற்று. இப்புரதங்களுக்கு வளர்ச்சிக் காரணிகள் என்று பெயர். அப்படியாயின், தட்டணுக்களைத் திரட்டி, ஆறாத இடத்தில் செலுத்தினால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. 1998-இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் மார்க்ஸும் அவருடைய குழுவினரும் தாடை எலும்பு ஒட்டுச் சிகிச்சையில் இதனைக் கையாண்டு வெளியிட்ட கட்டுரை பலரது கவனத்தை ஈர்த்தது. பின்னர் இம்முறை தசைநாருக்கும் முழங்காலுக்கும் பரவியது. முழங்காலின் குருத்தெலும்பில் குருதிக் குழாய்கள் இல்லை. அதனால் அது தேய்ந்தால் தானே ஆறுவது அரிது. குருதி செல்லாத இடத்திற்குக் குருதியின் ஆற்றலை நாமே கொண்டு சேர்ப்போம் என்பதுதான் இதன் கருத்து.

செய்முறை எளியது. எனக்குச் செய்ததையே சொல்கிறேன். கை நரம்பிலிருந்து ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் குருதி எடுத்தார்கள். அது உறையாதிருக்க மருந்து கலந்த குழாயில் இட்டு, மையவிலக்குக் கருவியில் சுழற்றினார்கள். கலங்கிய ஆற்றுநீரைக் குடத்தில் வைத்தால் மணல் முதலில் அடியில் தங்கி, மெல்லிய வண்டல் அதன்மேல் படிவதைக் கண்டிருப்பீர்கள். அவ்வாறே சிவப்பணுக்கள் அடியில் தங்கின. தட்டணுக்கள் நிறைந்த மஞ்சள் நீர்மம் மேலே நின்றது. அதில் மூன்று நான்கு மில்லிலிட்டரை முழங்காலினுள் செலுத்தினார்கள். இதில் தட்டணுக்கள் இயல்பைவிடச் சில மடங்கு மிகுதியாக இருக்கும்.

பின்பு என்ன எதிர்பார்க்கலாம்? முதல் சில நாள் வலியும் வீக்கமும் கூடலாம்; எனக்குக் கூடின. பலன் தெரிந்தால் அது சில வாரங்கள் கழித்தே தெரியும். தன் குருதியே ஆதலின் ஒவ்வாமை அரிது. ஆனால் ஊசி நுழையும் எவ்விடத்திலும் கிருமி நுழையக் கூடும், தூய்மை இன்றியமையாதது. ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் தட்டணுக்களின் செயலைத் தடுப்பவை. அவற்றை உண்போர் முன்னரே மருத்துவரிடம் கூற வேண்டும்; தாமாக நிறுத்துதல் கூடாது.

எனக்கு மூன்றே மாதத்தில் வலி குறைந்தது. நான் சென்ற இடத்தில், ‘தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் வளர்ந்துவிடும்’ என்று கூறியிருந்தார்கள். அதை அப்படியே நம்பி, காண்பவரிடமெல்லாம் பரப்பினேன். என் தமக்கையார், “தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்” என்று தம் வளையல்களை அடகு வைத்து மூன்று ஊசிகள் போட்டுக்கொண்டார். அவருக்கு மூட்டு மிகவும் தேய்ந்திருந்தது. பலன் சிறிதும் இல்லை.

மனம் வருந்தி, மருத்துவராக உள்ள என் பழைய மாணவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் பணிவோடு கேட்டார்: “ஐயா, சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்று கற்பித்தவர் நீங்கள்தாமே? ஊசி போட்ட அதே மாதத்தில் நீங்கள் தொடைத் தசைக்கான பயிற்சி தொடங்கினீர்கள். எடையையும் ஐந்து கிலோ குறைத்தீர்கள். வலி எதனால் குறைந்தது என்று எப்படி அறிவீர்கள்?” எனக்கு விடை தெரியவில்லை. உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறையும் என்பதையும் அவரே எடுத்துரைத்தார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! என் காலில் விழுந்த பழத்தை மட்டும் நான் ஆராயவில்லை.

இவ்வையத்தைத் தீர்க்கும் வழி ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், முழங்கால் தேய்வுற்ற 288 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர்க்குத் தட்டணு ஊசி. மற்றவர்க்கு வெறும் உப்புநீர் ஊசி. தமக்குப் போட்டது எது என்று எவரும் அறியார். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இரு பிரிவிலும் வலி குறைந்திருந்தது. இரண்டிற்கும் இடையே கருதத்தக்க வேறுபாடு இல்லை. குருத்தெலும்பும் வளர்ந்திருக்கவில்லை. வேறு சில ஆய்வுகள் சில மாதங்கள் வலி தணிவதைக் காட்டியுள்ளமையும் உண்மை. தயாரிக்கும் முறை இடத்திற்கிடம் மாறுவதால் முடிவுகளும் மாறுகின்றன. ஆகவே இச்சிகிச்சையைப் பொய் என்று தள்ளவும் வேண்டா. அற்புதம் என்று கொள்ளவும் வேண்டா. தேய்வு மிகாதவர் சிலருக்கு வலி ஓரளவு தணியலாம் என்பதே நேர்மையான எதிர்பார்ப்பு. குருத்தெலும்பு வளரும் என்று உறுதி கூறுவோரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

மாணவர்களே! உங்கள் வீட்டுப் பெரியோர் நாளை இச்சிகிச்சைக்குப் புறப்படலாம். அவர்களுடன் சென்று மூன்று வினாக்களைக் கேளுங்கள். தேய்வு எந்த அளவில் உள்ளது? பயிற்சியும் எடைக் குறைப்பும் முதலில் செய்து பார்த்தாயிற்றா? ஊசியால் பலன் இல்லாவிடில் அடுத்து என்ன? நல்ல மருத்துவர் இவ்வினாக்களுக்கு மகிழ்ந்து விடை கூறுவார்.

தமக்கையாரின் வளையல்களை நான் மீட்டுக் கொடுத்துவிட்டேன். இப்போது அவரும் நாள்தோறும் காலையில் நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டி மடக்கும் பயிற்சி செய்கிறார். வலி முற்றும் நீங்கவில்லை. ஆயினும் கோயில்வரை நடந்து வருகிறார். அடுத்த முறை அவருக்கு ஒன்றைச் சொல்லுமுன், ‘இது எப்படித் தெரியும்?’ என்று என்னையே நான் கேட்டுக்கொள்வேன். நீங்களும் கேளுங்கள்.