சார்ஜ்: ஒரு சொல், பல பொருள்

பெங்களூர் சிவாஜிநகரில் தமிழ் பேசும் மக்கள் பலர் வாழ்கிறார்கள். 1809இல் ஆங்கிலேயர் இந்தப் பகுதியில் ராணுவ முகாம் அமைத்தார்கள். அதன் பிறகு வேலை தேடித் தமிழ் மக்கள் வந்து குடியேறினார்கள். அவர்கள் பேச்சில் ஆங்கிலச் சொற்களும் கலந்தன. அவற்றில் ஒன்று 'சார்ஜ்'.

பஸ் நிலையத்தில் "சார்ஜ் எவ்வளவு?" என்றால் பயணக் கட்டணம். செல்போனில் "சார்ஜ் இல்லை" என்றால் பேட்டரி தீர்ந்துவிட்டது. 'இன்சார்ஜ்' என்றால் பொறுப்பாளர். 'லத்தி சார்ஜ்' என்றால் தடியடி.

ஒரே சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்? வண்டியைக் குறிக்கும் பழைய லத்தீன் சொல்லிலிருந்து இது வந்தது. வண்டியில் பாரம் ஏற்றுவதுதான் இதன் முதல் பொருள். கட்டணம் பணச் சுமை. பொறுப்பும் ஒரு சுமை. பேட்டரியில் ஏற்றுவது மின்சாரம். தமிழிலும் 'குற்றம் சுமத்தினார்கள்' என்கிறோம் அல்லவா?

சுமையை இறக்கினால் 'டிஸ்சார்ஜ்'. பௌரிங் மருத்துவமனையில் ஒருவரை டிஸ்சார்ஜ் செய்தால், அவர் வீட்டுக்குப் போகலாம் என்று பொருள். நோய் முழுதும் தீர்ந்தது என்று பொருள் அல்ல. டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்து விவரமும் மறுபடி வரவேண்டிய நாளும் இருக்கும். அதைப் பத்திரமாக வைக்க வேண்டும்.

ஓட்டல் பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று இருக்கலாம். அது அரசு வரி அல்ல. அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் அறிவித்தது.

'சார்ஜ் ஷீட்' என்றால் பலர் பயப்படுகிறார்கள். சிலர் அதைக் கட்டண ரசீது என்றும் நினைக்கிறார்கள். போலீசார் விசாரணையை முடித்து நீதிமன்றத்தில் கொடுக்கும் குற்றப் பத்திரிகை அது. அதில் பெயர் வந்தாலே ஒருவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். நீதிமன்றம் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லவேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதன் நகலை இலவசமாகக் கொடுக்கவேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லாத ஏழைகளுக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. பெண்களும் காவலில் இருப்பவர்களும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இந்த உதவியைப் பெறலாம். நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம்.

ஒரு சொல்லைப் படித்தால் மட்டும் போதாது. அது எந்தத் தாளில், எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்றும் பார்க்கவேண்டும். புரியவில்லையா? வெட்கப்படாமல் கேளுங்கள். புரிந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.